கேசட்டில் எழுதியிருந்த பெயர்

அந்தப் பாடகி இறந்த செய்தி கேரள எல்லையில், கம்பம்மெட்டு செக்போஸ்டில் வைத்து எனக்குத் தெரிந்தது. காலை ஏழு மணி இருக்கும். ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள். கம்பத்திலிருந்து சக்குபள்ளத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்த ஒருத்தி போனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க ஆளு போயிருச்சாம்ல" என்றாள்.

எங்கள் ரோட்டில் அந்தப் பாடகியை என் ஆள் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷமாக என் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு வேறு குரல் கேட்கக் கிடைத்ததில்லை. யாராவது வேறு கேசட்டை நீட்டினால், "பின்னாடி அடுத்த ஜீப்பு வருது, அதுல போங்க" என்று சொல்லிவிடுவேன். அவ்வளவு திமிர் எனக்கு.

வண்டியை ஓரம் கட்டினேன். பெண்கள் யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. எனக்கு அழுகை வரவில்லை. பாப்பாவுக்கு இனி என்ன சொல்வேன் என்கிற பயம்தான் வந்தது.

பாப்பா என் தங்கையின் மகள். இருபத்துநாலு வயது, எர்ணாகுளத்தில் நர்ஸ். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது என் தங்கை செத்துப்போனாள். தங்கையின் புருஷன் அதற்கு முன்பே திருப்பூர் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். எங்கள் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், நானும் என் மனைவியும்தான் பாப்பாவை வளர்த்தோம். சோறு போட்டு, படிக்க வைத்து, ஒரு பெரிய பொய்யும் சொல்லி வளர்த்தோம். பொய் சொன்னது நான் மட்டும்தான். என் மனைவி மேல் பழி போட வேண்டாம்.

அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் நான் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலையில் இருந்தேன். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசரின் ரேடியோவில் அந்தக் குரல் வந்தது. அதற்கு முன்னும் கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஒருத்தி தன் பாட்டுக்கு வீட்டு வேலை செய்துகொண்டே, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. விறகைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். சூடு குறைந்து ஒரு தட்டுக் காய் நிறம் மங்கிப்போனது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் பாட்டில் மூச்சு எடுக்கும் இடம் தெரியாது. நான் பைத்தியக்காரன் மாதிரி அதைத் தேடியிருக்கிறேன். ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்து, இங்கே எடுத்திருப்பார், இல்லை அங்கே எடுத்திருப்பார் என்று கணக்குப் போடுவேன். பிடிபடாது. சோகப் பாட்டில் அழ மாட்டார். அழப்போகிற ஆள் அடக்கிக்கொண்டு பேசுகிற குரலில் பாடுவார். கேட்கிற நாம்தான் அழுது தொலைக்க வேண்டும்.

மலையாளிகளுக்கு அவர் மலையாளப் பாடகி, எங்களுக்குத் தமிழ்ப் பாடகி. எங்கள் டீக்கடையில் இதற்காக வாய்த்தகராறு கைகலப்பு வரை போயிருக்கிறது. அணைக்கட்டுத் தகராறில் ரோட்டை அடைத்து, இந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கம் போக முடியாமல் கிடந்த நாட்களில் நான் செக்போஸ்டில் நின்றிருக்கிறேன். இந்தப் பக்கக் கடையில் ஒரு பாட்டு, அந்தப் பக்கக் கடையில் வேறொரு பாட்டு. இரண்டிலும் அவர்தான். கல்லெறிகிறவன் எவனும் அந்த ரேடியோக்களின் மேல் எறியவில்லை. இப்போது ஜார்க்கண்டிலிருந்து காயெடுக்க வந்திருக்கும் பெண்கள் ஒரு வார்த்தையும் புரியாமல் அவர் மெட்டை முணுமுணுக்கிறார்கள். அவர் இறந்த அன்று டிவியில் ஒரு தொகுப்பாளன் தப்புத் தப்பாகத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிவியை உடைத்திருப்பேன். ஒரு பாட்டை முழுசாகப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாதா?

என் தங்கை நன்றாகப் பாடுவாள். மாதா கோயில் பாடற்குழுவில் அவள்தான் முன்னால் நிற்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைப் பிடித்து அந்தப் பாடகியாக மாற்றப் பார்த்தேன். "ஒன் இஷ்டத்துக்குப் பாடாத. அவங்க எப்படிப் பாடுனாங்களோ அப்படிப் பாடு" என்பேன். ஒரு இழுப்பு கூடிவிட்டால் நிறுத்தச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பேன். மூச்சுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வேறு சட்டம் போட்டேன். அவளுக்கென்று ஒரு பாணி இருந்திருக்கும். அது தலைதூக்கிய போதெல்லாம் தட்டி வைத்தவன் நான்தான். இன்றைக்கு எவ்வளவு யோசித்தாலும் அது எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலேயே இதய வால்வில் கோளாறு. மெடிக்கல் காலேஜில் மாத்திரை எழுதிக் கொடுத்து, மலை ஏறாதே, பாரம் தூக்காதே என்றார்கள். ஏலத்தோட்டத்தில் இருந்துகொண்டு மலை ஏறாமல் எங்கே போவது? பாடாதே என்று டாக்டர் சொல்லவில்லை என்பதை நான் வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பயிற்சி எடுப்பதற்காகக் கம்பத்தில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் கேசட் போட்டுக் கொடுத்தேன். அப்போதெல்லாம் அப்படித்தான். நமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், எம்ப்டி கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். வேறு ஆளுடையதோடு மாறிவிடாமல் இருக்க, கேசட்டின் மேல் யாருக்கானதோ அவர் பெயரை ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதுவார்கள். நான் தங்கையின் பெயரைக் கொடுத்திருந்தேன். அந்தப் பதினாலு பாட்டும் அந்தப் பாடகி பாடியவை. மேலே இருந்த பெயர் என் தங்கையுடையது.

எங்கள் கோயில் திருநாளுக்குக் கானமேளா கச்சேரி நடத்த ஒரு ட்ரூப் வந்தது. நான் ட்ரூப்காரர்களைப் பிடித்து, தங்கைக்கு இரண்டு பாட்டு வாங்கினேன். பாப்பாவை என் மனைவி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசை ஓரத்தில் நின்றாள். முதல் பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டால் அந்தப் பாடகியேதான். இரண்டாவது முடிந்ததும் இன்னொன்று என்று கத்தினார்கள். மைக்செட் பக்கத்தில் நின்று எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது நான்தான். மூன்றாவதும் பாடினாள். நான்காவதற்கு முன்னால் அவள் என்னைப் பார்த்து மைக்கிலேயே முடியாது என்றாள். கூட்டம் அதை வெட்கம் என்று நினைத்துச் சிரித்தது. நான் விடவில்லை. அவள் பாடினாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு திங்கள்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. நம்ப முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் மைக்செட்காரர் வந்தார். திருநாளன்று மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவு என்று ஒரு கேசட்டைக் கொடுத்தார். நல்ல மனுஷன், உதவி செய்வதாக நினைத்தார். அதை ஜீப்பில் போட்டுக் கேட்டேன். ஒரே ஒரு தடவை. பிறகு லயத்து வீட்டில் தகரத்துக்குக் கீழே, உத்தரத்தின் மேல், மழைநீர் கசிகிற மூலையில் அதைச் செருகி வைத்தேன். எரிக்க மனசு வரவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் செருப்பு, பைபிள், கல்யாணப் பட்டு எல்லாமே ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அதுவும் அப்படிப் போகட்டும் என்று விட்டேன். இது கோழைத்தனம் என்று அன்றைக்கும் தெரியும்.

நான்கு வருஷம் போனது. பாப்பாவுக்கு ஆறு வயது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு என் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவாள். ஒருநாள் ஜீப்பிலிருந்த கேசட் பெட்டியைக் கிளறி அந்த ரிக்கார்டிங் சென்டர் கேசட்டை எடுத்தாள். மேலிருந்த பெயரை விரல் வைத்து வாசித்தாள்.

"மாமா, அம்மா பேரு போட்டுருக்கு. இது அம்மா பாடுனதா?"

ஒரு வினாடி போதும், இல்லை என்று சொல்லியிருக்கலாம். பின்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான், "ஆமாத்தா" என்றேன். கேசட்டைப் போட்டேன். குழந்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டது. பின்னாலிருந்து ஒரு அம்மாள் என் தோளில் கை வைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவி, எல்லோரும் அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டார்கள். ஒருத்தர்கூட அந்தக் குழந்தையிடம் வாய் தவறிச் சொல்லவில்லை. கோள் மூட்டுவதற்குப் பேர்போன எங்கள் லயத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் தொடங்கியது. டீக்கடையில் ரேடியோ பாடினால் பாப்பா என் சட்டையை இழுத்து, "அம்மா" என்பாள். பஸ்ஸில் கேட்டால் டிரைவர் பக்கம் ஓடுவாள். ஜீப் ஸ்பீக்கரிடம் ரகசியமாகப் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். பாட்டுக்கு நடுவில் வரும் வயலினுக்காகக் காத்திருந்து, அந்த இடைவெளியில் பேசுவாள். குரல் திரும்பி வந்ததும் பேச்சை நிறுத்திக் கேட்பாள். பார்த்தால், நிஜமாகவே யாரோ பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் பீர்மேடு இறக்கத்தில் தனியாக வந்துகொண்டிருந்தேன். பனி இறங்கி முன்னால் போகிற லாரிகூடத் தெரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாடுவது யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் பக்கத்துச் சீட்டில் ஆள் இருக்கிற உணர்வு போகவில்லை. குமுளி வரைக்கும் நான் இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எந்தக் குரலுக்காக விறகும் கையுமாக நின்றேனோ, அந்தக் குரலையே கேட்கப் பயந்தேன். ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. குழந்தை கேட்பாளே.

பாடகி இறந்து ஆறாம் நாள் பாப்பா வீட்டுக்கு வந்தாள். ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. ஒன்பது நாள் எங்களோடு இருந்துவிட்டு விமானம் ஏற வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். டிவியில் அஞ்சலி நிகழ்ச்சி. கேசட்டில் முதலாவதாக இருந்த பாட்டு வந்தது. நான் ரிமோட்டைத் தேடினேன்.

"இருக்கட்டும் மாமா" என்றாள். "எட்டாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும்."

என் கையில் சோறு அப்படியே நின்றது.

"ஸ்கூல்ல லைட் மியூசிக் போட்டிக்கு இந்தப் பாட்ட எடுத்தேன். டீச்சர் ஒரிஜினல் போட்டுக் காட்டுனாங்க. அதே வயலின், அதே குரல். அன்னைக்குப் பூரா பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். ஒங்ககிட்டச் சொன்னா நீங்க அழுவீங்கன்னு சொல்லல."

அத்தனை வருஷமும் அவள் என் ஜீப்பில் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்காகக் கேட்டிருக்கிறாள். தண்ணீரைக் குடித்தேன்.

"எனக்கு ஒன்னே ஒன்னு வேணும் மாமா. போறதுக்கு முன்னாடி அம்மா குரல ஒரு தடவ கேக்கணும். எங்கயாவது, யாராவது பதிஞ்சு வச்சிருக்க மாட்டாங்களா?"

"இல்லத்தா" என்றேன். அடுத்த பொய். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என் மனைவி எழுந்து கையைக் கழுவினாள். உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். காய் உலர்ந்ததும் ஈரம் ஏறாமல் கட்டி வைக்கிற கறுப்பு பாலித்தீன் பை. காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு மடிப்பாக வாய் கட்டியிருந்தாள். அவிழ்த்தபோது ஏலக்காய் வாசம் வந்தது. உள்ளே மைக்செட்காரரின் கேசட். நான் உத்தரத்தில் செருகிய அதே வாரம் அவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"புள்ள கேக்குது. கூட்டிட்டுப் போயி போட்டுக் காட்டுங்க" என்றாள். "அது வெளிநாடு போனபெறகு யாருக்கு வச்சிருக்கப் போறீக?"

"அதுல என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியாது."

"அங்கதான நின்னேன், இடுப்புல புள்ளய வச்சுக்கிட்டு. எனக்கா தெரியாது?"

கேசட் போட என் பழைய ஜீப்பை விட்டால் வேறு இடம் இல்லை. வெளியே மழை. ஜீப்பில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றினோம். கேசட்டைச் செருகி பட்டனை அழுத்தினேன். பூஞ்சை பிடிக்கவில்லை, ஒரு இழுப்பு இல்லை, நேற்றுப் பதிந்த மாதிரி ஓடியது.

முதல் பாட்டு வந்தது. பாப்பா கண்ணை மூடிக் கேட்டாள். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா இது அந்தப் பாடகியாத்தான மாமா இருக்கு. அம்மா எங்க?"

நான் செய்த காரியம் முழுதாக என் முன்னால் நின்றது. அந்தக் குழந்தைக்கு மிச்சம் வைக்கக்கூட என் தங்கையின் குரலை நான் விட்டு வைக்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது பாட்டு ஓடியது. கடைசி வரிகளில் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. பாப்பா நர்ஸ். தலையைச் சாய்த்து, நோயாளியின் நெஞ்சைக் கேட்பது மாதிரிக் கேட்டாள். பாட்டு முடிந்து கைதட்டல். ஒரு ஆண் குரல் கத்தியது. அப்புறம் மைக்கில், கொஞ்சம் மூக்கடைத்த, எங்கள் லயத்துப் பெண் ஒருத்தியின் சாதாரணக் குரல்.

"போதும்ணே. இதுக்கு மேல முடியலண்ணே."

கூட்டம் சிரித்தது. அதே ஆண் குரல், "ஏ, நடிக்காத. பாடு" என்றது.

பாப்பா நிறுத்தினாள்.

"அது ஒங்க குரல்தான?"

"ஆமா. நான்தான்."

"வால்வு கேஸ்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும். நான் நிறுத்தியிருக்கணும்த்தா."

"ஆமா மாமா" என்றாள். "நிறுத்தியிருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து, அந்த இடத்தை மட்டும் பதிந்துகொண்டாள். "அம்மா என்னை மாதிரியேதான் பேசுறாங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள். "பாட்டு எனக்கு வேண்டாம் மாமா. இந்தப் பேச்சு மட்டும் நான் கொண்டு போறேன்."

கதவைத் திறந்துகொண்டு மழையில் வீட்டுக்குள் ஓடினாள். நான் கொஞ்ச நேரம் கழித்துப் போனேன். அவள் உள்ளறையில் கதவைச் சாத்தியிருந்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து என் தங்கை பேசினாள். போதும்ணே. இதுக்கு மேல முடியலண்ணே. கூட்டம் சிரித்தது. நான் பாடச் சொன்னேன். மறுபடி என் தங்கை பேசினாள், கூட்டம் சிரித்தது, நான் பாடச் சொன்னேன். என் குரலை அவள் வெட்டி எடுக்கவில்லை.

பத்துத் தடவைக்கு மேல் போய்விட்டது. அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தி, "போயி போதும்னு சொல்லுங்க, புள்ள அழுகுது" என்றாள். நான் எழுந்து அந்தக் கதவு வரைக்கும் போனேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. அவள் கேட்கிற வரைக்கும் கேட்கட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.